முதல் வண்டியில் போன பழச் சீப்பு

ஆத்தூரிலிருந்து வரும் பேருந்து முத்தையாபுரத்தில் நின்றபோது நான் கைப்பேசியில் ஒரு தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் தாம்பாளம். உடைத்த தேங்காய் இரண்டு மூடி, வெற்றிலை, பாக்கு, எரிந்து முடிந்த கற்பூரத்தின் கரி. படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். பழத்தைக் காணவில்லை.

மதியம் அந்தத் தாம்பாளத்தில் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம் இருந்தது. நன்றாகப் பழுத்து, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம். என் கண்ணால் பார்த்தேன். இப்போது படத்தில் தாம்பாளத்துக்குப் பின்னால் கண்டெய்னரின் கதவு சாத்தி, சீல் வைத்து, கைப்பிடியில் ஒரு முழம் பூவோடு நிற்கிறது. எங்கள் ஷெட்டின் வாட்ஸப் குழுவில் யாரோ ‘முதல் வண்டி கிளம்பியாச்சு’ என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தன.

யாராவது தின்றிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்வதில் நான் மகா மோசம். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஷெட்டில் சுமை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரியான சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன்.

“மேஸ்திரி, பூசைப் பழம் எங்க?”

“எந்தப் பழம் டீச்சர்?”

“தாம்பாளத்துல இருந்ததே, அது.”

“அதா? உள்ளதான் வச்சிருக்கேன். கடைசி அடுக்குல, மேப்பெட்டி மேல, வெத்தில போட்டு அதுமேல வச்சேன். கடல் கடந்து போறதுல்லா. மொத வண்டிய வெறுங்கையா அனுப்பப்பிடாது.”

கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

“டீச்சர், இருக்கியளா?”

“இருக்கேன்.”

“ரெண்டு பத்தியும் கொளுத்திக் காட்டுனேன். புகை உள்ளுக்குள்ள நல்லா சுத்துச்சு” என்றார். அவர் குரலில் அத்தனை நிறைவு.

நடத்துனர் ‘இறங்குறவங்க எல்லாம் இறங்கியாச்சா’ என்று கேட்டு விசில் ஊதினார். என் வீடு இன்னும் நாலு நிறுத்தம் தள்ளி. ஏன் என்று தெரியாமலே இறங்கி, ரோட்டோரத்தில் நின்றேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஏதோ ஒன்று எங்களுடையது.

ஒரு சீப்புக்கு ஏன் இந்தப் பாடு

இந்தத் தொடரை இடையில் எடுத்துப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது நான் ஆத்தூர்ப் பக்கம் ஒரு வாழைக்காய் பேக்கிங் ஷெட்டில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அதற்கு முன் பல வருடம் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் தற்காலிக விரிவுரையாளர். அதனால்தான் ஷெட்டில் எல்லோருக்கும் நான் டீச்சர்.

ஆற்றுப் பாசனத்து விவசாயிகள் கொஞ்சம் பேர் சேர்ந்து நடத்திய ஷெட் அது. அவர்களுக்குத் தலைவர் பெருமாள் அண்ணாச்சி. அதுவரை உள்ளூர்ச் சந்தைக்குத்தான் தார் போய்க்கொண்டிருந்தது. வளைகுடாவில் ஒரு வியாபாரி, ஒரு கண்டெய்னர் அனுப்பிப் பாருங்கள், காய் பச்சையாக வந்து சேர்ந்தால் மேலே பேசுவோம், இல்லையென்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு கண்டெய்னரை நம்பித்தான் அண்ணாச்சி ஷெட் போட்டு, தொட்டி கட்டி, சுற்று வட்டாரப் பெண்களை வேலைக்குச் சேர்த்திருந்தார். அது மஞ்சளாகப் போனால் ஷெட்டுக்குப் பூட்டு. இது எல்லோருக்கும் தெரியும்.

வாழைக்காயைப் பச்சையாகவே வைத்திருப்பது குளிர் மட்டும் பார்த்துக்கொள்கிற காரியமில்லை. கல்லூரியில் இந்தப் பாடம் நடத்தும்போது என் பிள்ளைகள் கொட்டாவி விடாமல் கேட்ட வகுப்பு ஒன்று உண்டென்றால் அது தாவர ஹார்மோன்தான். செடிக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது பூக்க வேண்டும், எப்போது இலையை உதிர்க்க வேண்டும் என்று யார் அதற்குச் சொல்வது? துளித் துளியாகச் சுரக்கும் சில வேதிப்பொருட்கள் சொல்கின்றன. முக்கியமாக ஐந்து.

ஆக்சின் கொழுந்து நுனியில் உட்கார்ந்துகொண்டு, மேலே போ, பக்கத்தில் கிளைக்காதே என்று அதிகாரம் பண்ணும். ஆத்தூர்க் கொடிக்காலில் வெற்றிலைக்குத் துணையாக நிற்கும் அகத்தியைத் தலை ஒடித்து விடுகிறார்களே, அந்தத் தலையோடு அதிகாரமும் போய்விடும். உடனே பக்கக் கிளைகள் கிளம்பும். தாய் வாழை நிற்கும்வரை பக்கக்கன்று அடங்கியிருப்பதற்கும், தார் வெட்டியதும் அது விறுவிறுவென்று எழும்புவதற்கும் இதே போலத்தான் காரணம் சொல்வார்கள்.

ஜிப்பெரல்லின் தண்டை நீட்டும். நாற்றங்காலில் எப்போதாவது நாலு நாற்று மட்டும் வெளிறி, மற்றதைவிட நெடுநெடுவென்று வளர்ந்து, பிறகு சாய்ந்து செத்துப்போகும். ஒரு பூஞ்சை அந்த ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து ஊட்டிவிடுவதால் வருவது அது. சைட்டோகைனின் செல்லைப் பெருக்கும், இலை முதுமை அடையாமல் பார்த்துக்கொள்ளும்.

நாலாவது அப்சிசிக் அமிலம். எனக்கு மிகவும் நெருங்கிய சொந்தம். தண்ணீர் குறைந்தால், உப்பு ஏறினால், இலையில் இருக்கும் நுண்ணிய துளைகளையெல்லாம் சாத்து என்று சொல்வது அதுதான். பழையகாயல் தாண்டி உப்பளக் கரையில் நிற்கும் செடிகளைப் பேருந்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், இவை எப்போதும் ஏதோ கெட்டது வரப்போகிறது என்று கதவைச் சாத்திக்கொண்டே வாழ்கின்றன, என்னை மாதிரி.

ஐந்தாவதுதான் எத்திலீன். மற்ற நாலும் செடிக்குள்ளேயே வேலை பார்க்கும். இது வாயு. உள்ளே பிறந்து வெளியே கிளம்பி, பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேரும், ஊர்ப்பேச்சு மாதிரி. ஒரு பழம் விடும் எத்திலீன் பக்கத்துக் காயை உசுப்பும். அந்தக் காய் பழுக்கத் தொடங்கியதும் தானும் எத்திலீன் விடும். அது அடுத்ததை உசுப்பும். மூடிய பெட்டிக்குள் ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதற்குள் ஒரு பழுத்த சீப்பையும் வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு ஊதுபத்திப் புகை. எரியும் புகையிலும் எத்திலீன் உண்டு.

என் கல்யாணப் பழம்

புகை விஷயம் எனக்குப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தெரியும். என் கல்யாணத்துக்கு அப்பா பத்து நாளைக்கு முன்பே காய்த் தார்களை வாங்கி, வீட்டுப் பின்னறையில் அடுக்கிவிட்டார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதாகத் திட்டம். மூட்டம் என்றால், அறையை அடைத்து உள்ளே புகை போடுவது. வாழை மண்டிகளில் பார்த்திருப்பீர்கள்.

அறையில் காய்ப் பால் வாடை அடிக்கிறது என்று என் சித்தப்பா தினம் காலையும் மாலையும் கட்டுக் கட்டாக ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். நல்ல மனுஷர். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கதவைத் திறந்தால், அத்தனை தாரும் பொன்னிறத்தில் நிற்கிறது. எங்கள் தெருவில் அந்த வாரம் காலையிலும் பழம், சாயங்காலமும் பழம். கல்யாணப் பந்தியில் இலைக்குப் பழம் இல்லை. என் மாமியார் அதை வெகுகாலம் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார்.

அது ஒரு கல்யாணம். சிரித்துவிட்டுப் போகலாம். முத்தையாபுரம் ரோட்டோரத்தில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சின்ன மாதா படம்

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும்.

ஷெட்டுக்குள் பழுத்த பழமே வரக்கூடாது என்று விதி போட்டவள் நான். சுவரில் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். மதியச் சாப்பாட்டில் பழம் கொண்டுவந்த பெண்களைக்கூட வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பியிருக்கிறேன். “வாழைக்கா ஷெட்டுல பழம் திங்கப்பிடாதுன்னு சொல்லுத ஒரே ஆளு நம்ம டீச்சர்தான்” என்று சுடலைமுத்து எல்லோர் முன்னாலும் கிண்டல் பண்ணுவார். ஆனாலும் விதியை அவர்தான் கறாராகக் காத்தார்.

அன்று காலை, முதல் அடுக்குப் பெட்டிகள் ஏறியதும், யாரும் பார்க்காதபோது என் பர்சிலிருந்து ஒரு சின்ன மாதா படத்தை எடுத்து இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் செருகினேன். எங்கள் கடற்கரைப் பக்கம் புது மீன்பிடி வள்ளம் இறக்கினால் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்காமல் கடலுக்கு விடமாட்டோம். அந்தப் பழக்கம். நிமிர்ந்தால் சுடலைமுத்து அடுத்த பெட்டியோடு நிற்கிறார். பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் பெட்டியைப் படத்துக்கு இடிக்காமல் பதமாக வைத்துவிட்டுப் போனார்.

மதியம் கதவு சாத்துவதற்கு முன் பூசை. அவர் தாம்பாளத்தோடு கண்டெய்னருக்குள் ஏறினார். ஏறும்போது பழத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

காட்டிவிட்டுக் கொண்டுவந்துவிடுவார் என்று நினைத்து ஆட்டினேனா, என் படம் உள்ளே இருக்கும்போது அவர் பழத்தை எந்த முகத்தோடு தடுப்பது என்று நினைத்து ஆட்டினேனா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. லாரி ஓட்டுநர் காகிதத்தோடு கூப்பிட்டார். போய்க் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது கதவு சாத்தியாகிவிட்டது. நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாதா படம் எத்திலீன் விடாது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

காற்று மூடி

வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். சீலை உடைக்க வேண்டும். உடைத்தால் மறுபடி அதிகாரிகள், மறுபடி காகிதம். அதற்குள் கப்பலுக்குப் பெட்டி ஏற்றும் கெடு முடிந்துவிடும். அடுத்த கப்பல் வரும்வரை வெட்டிய காய் காத்திருக்காது. திருப்பினாலும் சாவு, அனுப்பினாலும் சாவு என்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் செல்வின் நினைவுக்கு வந்தான். என் சின்னத் தாத்தா வழிப் பேரன், எனக்குத் தம்பி முறை. துறைமுகத்தில் குளிர் கண்டெய்னர்கள் நிற்கும் யார்டில் மெக்கானிக். அந்தக் கண்டெய்னர்களில் மெஷின் இருக்கும் பக்கத்தில் வெளியே ஒரு வட்ட மூடி உண்டு. வெளிக்காற்று உள்ளே போக, உள்காற்று வெளியே வர. அதைத் திருக சீலை உடைக்க வேண்டாம். அகலத் திறந்தால் எத்திலீன் தேங்காமல் வெளியேறும். கைப்பேசியில் அவனைப் பிடித்தேன்.

“செல்வின், எங்க பெட்டி யார்டுக்கு வந்துட்டா?”

“இன்னும் வரலக்கா. கேட்டுக்கு வெளிய லாரி வரிசை பெருசா நிக்கு. என்ன விசயம்?”

சொன்னேன். பழம், பத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுவே பயமாக இருந்தது.

“யக்கா, திருவுறது ஒரு நிமிச வேலை. ஆனா புக்கிங்ல மூடி கால்வாசி தொறந்தாப் போதும்னு போட்டிருக்கு. அத மாத்தணும்னா சரக்கு அனுப்புதவங்க மெயில் போடணும். நான் பாட்டுக்குக் கை வச்சேன்னா என் வேலை போயிரும்.”

“யாரு போடணும்?”

“உங்க அண்ணாச்சிதான். பெட்டிய கப்பல்ல ஏத்துறதுக்கு முன்னாடி வந்தாப் போதும். அதுக்குமேல என் கையில இல்ல.”

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“சொல்லுங்க டீச்சர். வண்டி உள்ள போயிட்டா?”

“போய்க்கிட்டிருக்கு அண்ணாச்சி.” “காத்து மூடிய முழுசாத் தொறக்கச் சொல்லி ஒரு மெயில் போடணும். வெயில் கூடுதலா இருக்கு, அதான்.”

“சரி. என்ன எழுதணும்னு அனுப்புங்க. மவ அப்படியே போட்டுருவா.”

அவ்வளவுதான். கால்வாசி என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. வெயிலுக்கும் குளிர் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்தாலே என் பொய் நிற்காது. அவர் யோசிக்கவே இல்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அந்த வெட்கத்தை என்ன சொல்வது.

மெயில் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்துச் செல்வின் ஒரு படம் அனுப்பினான். மூடி முழுக்கத் திறந்திருந்தது. கீழே ஒரு வரி: ‘இதுக்குமேல மாதா பாத்துக்கிடட்டும்.’

இரண்டு வாளி

பெட்டி போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். அவர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாதவர். எனக்கும் சேர்த்து அவர் பதறாமல் இருப்பதுதான் எனக்குப் பதற்றம்.

மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை அடுக்களையில் வைத்தேன். ஒன்றில் பச்சைக் காய் மட்டும். மற்றதில் பச்சைக் காயோடு ஒரு பழம். அறை வெப்பத்தில் நடப்பது குளிரில் அப்படியே நடக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தினம் மூன்று வேளை மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் இரண்டாவது வாளியில் காம்புப் பக்கம் வெளிறியது. நாலாம் நாள் மஞ்சள். முதல் வாளிக் காய்கள் அப்படியே கல்லு மாதிரி இருந்தன.

“ஏளா, இது முடிஞ்ச சோதனையா, நடக்குத சோதனையா?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“முடிஞ்சிட்டு.”

“அப்பம் திங்கலாம்” என்று இரண்டை உரித்துத் தின்றுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

சுடலைமுத்துவிடம் வண்டி போன மறுநாளே சொல்லியிருந்தேன். காய் கழுவும் தொட்டிக்கரையில் நின்று, எத்திலீன் என்று பெயர் சொல்லாமல், பழத்திலிருந்து ஒரு வாயு வரும், அது காயைப் பழுக்க வைத்துவிடும் என்று சொன்னேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊதுபத்தியிலயுமா?”

“ஆமா.”

“அப்பம் சாமிக்குன்னு நான் வச்சதே வினையாப் போச்சா?”

தொட்டியில் மிதந்த ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாது டீச்சர்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். “ஆனா உங்களுக்குத் தெரியும்லா. ஏறும்போது நான் உங்களப் பாத்தேன். நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேன். நீங்க தலைய ஆட்டுனிய.”

“ஆமா. ஆட்டினேன்.”

“அண்ணாச்சிக்குத் தெரியுமா?”

“இல்ல.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு நாளும் என்னைக் கிண்டல் பண்ணவில்லை. வேலையில் ஒரு குறையும் இல்லை. மதியம் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். தொட்டியில் நின்ற பெண்களில் ஒருத்தி, “மேஸ்திரி வீட்டுல ஏதும் விசேசமா டீச்சர், முகமே சரியில்ல” என்று கேட்டாள். தெரியாது என்றேன். இரண்டாவது பொய்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாதா கோவிலில் இறங்கி மெழுகுதிரி ஏற்றினேன். ஏற்றும்போதே, புகை, எத்திலீன் என்று மனது கணக்குப் போட்டது. நான் உருப்பட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்த வீடியோ

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அண்ணாச்சி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வழக்கமாக வண்டியிலிருந்தே யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிடுவார். அன்று கூப்பிடவில்லை.

“எல்லாரும் செத்த இங்கன வாங்க” என்றார்.

தொட்டியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். சுடலைமுத்து ஆட்களோடு வந்து கடைசியில் நின்றார். அண்ணாச்சி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். வியாபாரியின் ஆள் அங்கே கதவைத் திறக்கும் வீடியோ.

சீல் அறுந்தது. கதவு திறந்தது. முன்னால் தெரிந்தது கடைசி அடுக்கு. ஒரு பெட்டியைப் பிரித்தார்கள். மஞ்சள். பக்கத்துப் பெட்டியும் மஞ்சள். அந்த ஆள் அந்த அடுக்கை இறக்கிவிட்டு அடுத்ததைப் பிரித்தார். அதில் பாதி வெளிறல். அதற்கடுத்தது பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. கடைசியில், மெஷின் பக்கம்வரை போய் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். வெட்டிய அன்று பார்த்த அதே பச்சை. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“ரெண்டு அடுக்கு போச்சு. மத்தது எடுத்துக்கிட்டான். அடுத்த வண்டி அனுப்பச் சொல்லியிருக்கான்” என்றார் அண்ணாச்சி.

பெண்கள் ஒருவரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் இருந்த எடை மேசையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி முகம் மட்டும் மாறவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார்.

கடைசி அடுக்கின் மேல்பெட்டி. காய்ந்து சுருண்ட வெற்றிலை. அதன்மேல் கறுத்துப்போன ஒரு சீப்பு.

“இது என்னன்னு கேட்டிருக்கான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. யாரு வச்சது?”

சுடலைமுத்து தோளிலிருந்து துண்டை எடுத்தார். ஒரு எட்டு முன்னால் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

“மேஸ்திரி வச்சாரு அண்ணாச்சி. என்னையப் பாத்துட்டுத்தான் வச்சாரு, நான் தலைய ஆட்டினேன். அது காயப் பழுக்க வச்சிரும்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அன்னைக்கு வெயில்னு சொல்லி மெயில் போடச் சொன்னேன்லா. அது வெயிலுக்கில்ல. இதுக்குத்தான்.”

தொட்டியில் குழாய் மூடாமல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தி போய் மூடிவிட்டு வந்தாள்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“வண்டியத் திருப்பியிருப்பிய.”

“திருப்பியிருப்பேன். கப்பல் போயிருக்கும். காய் பூராவும் இங்கனயே பழுத்திருக்கும்.” கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். “ஒரு வகையில நீங்க செஞ்சதுதான் மிச்சத்தக் காப்பாத்திச்சு.”

எனக்கு அழுகை வந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் போகத் திரும்பியவர், நின்றார்.

“ஆனா டீச்சர், நீங்க சொன்னா நான் ஏன்னு கேட்டதில்ல. இனிமே கேப்பேன்.”

திட்டியிருக்கலாம். வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அந்த இரண்டு வார்த்தை பட்ட இடம் இப்போதும் வலிக்கிறது.

இரண்டாவது வண்டி

அடுத்த கண்டெய்னர் ஏற்றிய அன்று நான் சுவரில் ஒட்டிய அட்டைக்குக் கீழேயே நின்றேன். பூசை இருக்குமா, இருந்தால் என்ன சொல்வது என்று காலையிலிருந்தே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி அடுக்கு ஏறியது. சுடலைமுத்து தாம்பாளத்தோடு வந்தார். தேங்காய், வெற்றிலை, பாக்கு. நடுவில் ஒரு சீப்பு. பச்சை வாழைக்காய். காலையில் அவரே தொட்டியிலிருந்து பொறுக்கி எடுத்துக் கழுவியது.

பத்தியை ஷெட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் கொளுத்தி வைத்திருந்தார்.

“பாத்துக்கிடுங்க டீச்சர். ஒரு மஞ்சப் புள்ளி இருக்கான்னு பாருங்க” என்று தாம்பாளத்தை என் முன்னால் நீட்டினார்.

ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

“காயவா மேஸ்திரி சாமிக்கு வைக்கிறிய?”

“அங்கன போய்ச் சாமி பழுக்க வச்சுக்கிடட்டும்” என்றார். பிறகு, கையை நீட்டியபடியே, “படம் கொண்டாந்தியளா?” என்று கேட்டார்.

பர்சிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்டெய்னருக்குள் ஏறி, வெற்றிலைமேல் காயையும், காய்க்குப் பக்கத்தில் மாதாவையும் வைத்துவிட்டு இறங்கினார். கதவு சாத்தினார்கள்.

மெயில் அனுப்ப அண்ணாச்சியின் மேசைக்குப் போனேன். காற்று மூடி எவ்வளவு திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மகள் தட்டச்சு செய்து முடித்து, அனுப்பட்டுமா என்று அப்பாவைப் பார்த்தாள். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏன் டீச்சர் இவ்வளவு?”

முதலிலிருந்து சொன்னேன். காய் தானாகவே கொஞ்சம் வாயு விடும் என்பதை, அது தேங்கினால் ஒன்றை ஒன்று உசுப்பும் என்பதை, மூடியை ரொம்பத் திறந்தால் மெஷினுக்குப் பாரம் என்பதை, அதனால் இந்த அளவு என்பதை. கல்லூரியில்கூட அந்தப் பாடத்தை அவ்வளவு கவனமாக நடத்தியதில்லை. அவர் நடுவில் பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகுதான், “சரி, அனுப்பு” என்று மகளிடம் சொன்னார்.